சக்கர நாற்காலிக்கு உகந்த செயற்கைப் புற்றரை: திருகோணமலையில் கவனிக்க வேண்டியவை

செயற்கைப் புற்றரை விற்பவர்கள் தங்கள் பொருளைப் பற்றிச் சொல்லும்போது, அது மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கத் தர நியமத்துக்கு (ADA) அமைவானது என்று சேர்த்துக்கொள்வது வழக்கமாகி வருகிறது. அந்த வாசகத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு முன்பள்ளி முற்றத்துக்கோ விடுதித் தோட்டத்துக்கோ கடலோரப் பூங்காவுக்கோ சுருள் சுருளாக வாங்கி விரித்தால், அங்கே சக்கர நாற்காலி தடையின்றி உருளும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. அமெரிக்க அரசின் எந்த அமைப்பும் ஒரு தரைவிரிப்பை எடுத்துப் பார்த்து அதற்கு அணுகுவசதிச் சான்றிதழ் வழங்குவதில்லை. நியமம் பேசுவது விரித்து முடிந்த தரையைப் பற்றி. அந்தத் தரையின் தன்மையைப் புல்லுக்குக் கீழே இருக்கும் கல்லும், புல் முடிகிற விளிம்புமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. விலைமனுக்களில் இழையின் நிறத்துக்கும் உயரத்துக்கும் நான்கு வரி எழுதுபவர்கள் அடித்தளத்துக்கு ஒரு வரிகூட எழுதாமல் விடுவதுதான் இந்தத் துறையில் நேரும் பெரும்பாலான கோளாறுகளின் தொடக்கம்.

திருகோணமலையில் இப்படியொரு தரைக்கு ஆசைப்படுவதில் நியாயம் உண்டு. மே மாதமளவில் தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று, தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றாத புல்லை அடியோடு காய வைத்துவிடுகிறது. கரையோர நிலம் பெரும்பாலும் மணல். புல் போனபின் எஞ்சும் அந்த மணலில் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் இரண்டடி நகர்வதற்குள் புதைந்துவிடும். ஊன்றுகோலின் நுனியும் இறங்கிவிடும். டச்சுக்குடாக் கரையில் மாலை வேளையில் எல்லோரும் மணலில் இறங்கும்போது சக்கர நாற்காலியில் வந்தவர் வீதியோரத்துச் சீமெந்தோடு நின்றுவிடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பின்னர் ஒக்டோபரில் மாரி தொடங்கினால் ஜனவரி வரை அதே முற்றம் சேறாகவோ குளமாகவோ கிடக்கும். வெறும் நடைபாதைதான் தேவை என்றால் இன்டர்லொக் கல்லோ கொங்கிறீட்டோ போதும். செலவும் பராமரிப்பும் குறைவு, சக்கரத்துக்கும் அதுவே நல்லது. பிள்ளைகள் உட்காரும், உருளும், விழும் இடத்துக்கும், தரையில் இறங்கி உடற்பயிற்சி செய்யும் இடத்துக்கும்தான் செயற்கைப் புல் பொருத்தமானது. எதற்காக விரிக்கிறோம் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறான உயரத்தில்தான் வாங்குகிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 2006 ஒக்டோபரில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் பொதுச் சேவை வழங்கும் இடங்களும் அவற்றுக்குள் அடங்கும். தாமே சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவரான கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், அந்த ஒழுங்குவிதிகள் நடைமுறையில் பின்பற்றப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27 அன்று உத்தரவிட்டது. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளோடு சமமான இடம் வேண்டும் என்கிறது. 2012 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதேனும் ஒரு சிரமம் உடையவர்களாகப் பதிவானார்கள் என்பதை நினைத்தால், இது ஒரு சிலருக்கான ஏற்பாடு என்ற எண்ணமே எழாது. அமெரிக்க நியமம் இங்கே சட்டமன்று. தரையைப் பற்றி அளவு அளவாக எழுதிவைத்திருப்பதால், அளந்து பார்க்க விரும்புகிற எவருக்கும் அது பயன்படுகிறது.

அந்த நியமத்தின் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பு, நடமாடும் தரை அசையாததாகவும் உறுதியானதாகவும் வழுக்காததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பாரம் ஏறும்போது அமுங்காத தரை உறுதியானது. சக்கரம் அதன்மேல் திரும்பும்போது விலகியோ குவிந்தோ போகாத தரை அசையாதது. செயற்கைப் புல்லைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் விதி அதில் இல்லை; ஆகவே வடிவமைப்பாளர்கள் தரைக்கம்பளத்துக்கான விதியையே இதற்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன்படி இழையின் உயரம், இழைகள் தைக்கப்பட்டிருக்கும் அடித்துணியிலிருந்து அளந்தால் 13 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. திறந்த ஓரங்கள் தரையோடு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு தரையிலிருந்து இன்னொரு தரைக்கு மாறும் இடத்தில் 6 மில்லிமீற்றர் வரை செங்குத்தான வேறுபாடு இருக்கலாம்; அதற்கு மேல் 13 மில்லிமீற்றர் வரை சரித்துவிட வேண்டும்; அதையும் தாண்டினால் சாய்தளம் கட்ட வேண்டும். போகும் திசையில் 20க்கு 1, குறுக்கே 48க்கு 1 என்பது சரிவின் உச்ச வரம்பு. அவுஸ்திரேலிய நியமம் இதைவிடக் கண்டிப்பானது: அங்கே கம்பள இழைக்கு 11 மில்லிமீற்றரும் அடித்துணிக்கு 4 மில்லிமீற்றரும் எல்லை.

நமது சந்தையில் தோட்டத்துக்கென்று கேட்டால் காட்டப்படுவது பெரும்பாலும் 25 முதல் 40 மில்லிமீற்றர் வரை உயரமுள்ள புல். பார்க்க அழகாகவும் கையால் தடவினால் மெத்தென்றும் இருப்பதால் அதுவே விலைபோகிறது. சக்கர நாற்காலியின் முன்பக்கத்துச் சிறு சக்கரத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும். பின்சக்கரம் பெரியது, இழைகளை நசுக்கிக்கொண்டு ஏறிப் போய்விடும். 12 அல்லது 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள முன்சக்கரம் இழைகளுக்குள் இறங்கி, தனக்கு முன்னால் அவற்றை ஒரு சிறு வரம்பாகத் தள்ளிக்கொண்டே நகர வேண்டியிருக்கிறது. நேராகப் போகும்போதே கை வலிக்கும். திரும்ப முற்பட்டால் சக்கரம் தன் அச்சில் சுழலும்போது இழைகளை முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். அமர்ந்திருப்பவர் முன்னே சாய்ந்து உந்துவார். உந்தும்போது பாரம் முன்சக்கரத்துக்கே போகும். சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கும். இறப்பர் மணிகள் நிரப்பிய 40 முதல் 60 மில்லிமீற்றர் வரையான கால்பந்துப் புல் ஓடுகிறவனின் காலுக்காகச் செய்யப்பட்டது. அந்தத் திடலின் ஓரத்தை அப்படியே பார்வையாளர் பாதையாக விட்டுவிட்டு, அணுகுவசதி உண்டு என்று எழுதிவைப்பது வெறும் கணக்குக் காட்டலே.

இழையின் சாய்வைப் பலர் கவனிப்பதில்லை. செயற்கைப் புல்லின் இழைகள் நேராக நிற்பதில்லை. தொழிற்சாலையில் சுருட்டப்பட்ட போக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கையால் தடவிப் பார்த்தாலே எந்தப் பக்கம் வழுவழுப்பு, எந்தப் பக்கம் எதிர்ப்பு என்பது தெரியும். சாய்வுக்குக் குறுக்கே உருளும் நாற்காலி மெல்ல மெல்ல ஒரு பக்கமாக இழுபடும். ஒரு கையில் மட்டும் பலமுள்ளவருக்கு அந்த இழுப்பைத் திருத்திக்கொண்டே போவது பெரும் சிரமம். எனவே பாதையாகப் பயன்படும் பகுதியில் சுருளைப் பாதையின் நீளவாக்கில் விரிக்க வேண்டும். சுருள்கள் வழமையாக 2 அல்லது 4 மீற்றர் அகலத்தில் வருவதால் இதில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது: 1.5 முதல் 2 மீற்றர் வரை அகலமுள்ள பாதையை ஒரே சுருளால் மூடிவிடலாம், சக்கரம் போகும் இடத்தில் பொருத்தே வராது. பொருத்து வந்தே தீரும் இடங்களில் அகலமான இணைப்பு நாடாவும் வெளிப்புறப் பாவனைக்கான பொலியுரேதேன் பசையும் தேவை. ஆணி அடித்துச் சேர்ப்பது கடலோர ஊருக்கு ஒத்துவராது. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு ஆணி துருப்பிடித்துத் தலை கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஓரம் சுருளும். அந்த ஓரத்தில் முதலில் தடுக்குவது காலைத் தூக்கி வைக்க முடியாதவர். பொய்க்கால் பூட்டி நடப்பவருக்கு ஒரு விரற்கடை உயர்ந்த ஓரமே விழுவதற்குப் போதும்.

குறைந்த உயரமுள்ள புல்லை நிமிர்த்தி வைத்திருப்பது அதற்குள் தூவப்படும் மணல். கழுவிச் சலித்த, மழுங்கிய முனையுள்ள சிலிக்கா மணலே அதற்கு ஏற்றது. கடற்கரை பக்கத்திலேயே இருக்கும்போது மணலுக்கு ஏன் காசு என்ற எண்ணம் இங்கே யாருக்கும் எழக்கூடும். கடல் மணலில் சிப்பித் துகள்களும் உப்பும் கலந்திருக்கின்றன. சிப்பியின் கூரிய விளிம்பு இழையை அரிக்கும். உப்பு ஈரத்தை இழுத்து மணலைக் கட்டியாக்கும். கட்டியான மணல் அடித்துணியின் வடிகால் துளைகளை அடைக்கும். எந்த மணலானாலும் இழையின் நுனிக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தூவி, துடைப்பத்தால் வாரி இறக்க வேண்டும். மேலே மிதக்கும் மணல் ஊன்றுகோலை வழுக்கச் செய்யும். சீமெந்துப் பாதையில் சிந்திய மணலோ அதைவிட ஆபத்தானது.

அடித்தளத்தின் கதை நீளமானது. செலவில் பெரும்பங்கும் அங்கேதான் இருக்க வேண்டும். நிலத்தை 100 முதல் 150 மில்லிமீற்றர் வரை தோண்டி, அடி மண்ணும் கல்லும் ஒன்றோடொன்று கலக்காதிருக்க மண்பிரிப்புத் துணியை விரித்து, அதன்மேல் உடைத்த கருங்கல்லைப் படை படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் நனைத்து இயந்திரத்தால் இறுக்கி, கடைசியில் மெல்லிய கல்தூள் படையால் மட்டம் எடுப்பது பொதுவான முறை. கிறவல் போட்டு முடித்துவிடலாம் என்று ஒப்பந்தகாரர் சொன்னால் ஒத்துக்கொள்ளக்கூடாது. கிறவலில் களி உண்டு. வெயிலில் கல்லாக இருந்து மாரியில் குழைந்துவிடும். மூன்று மீற்றர் நீளமுள்ள மட்டப்பலகையை எந்தத் திசையில் வைத்தாலும் அதன் கீழ் ஒரு விரல் நுழையும் பள்ளம் தெரிந்தால் புல்லை விரிக்கும் முன்பே திருத்தச் சொல்ல வேண்டும். விரித்தபின் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்கு மட்டுமே தெரியும்.

மண் இடத்துக்கு இடம் வேறுபடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடலை ஒட்டிய மணல் நிலத்தில் நீர் தானாக இறங்கிவிடும். ஆனால் ஓரத்தில் பிடிமானம் இல்லாவிட்டால் அடித்தளக் கல் பக்கவாட்டில் நழுவும். ஆகவே அங்கே ஓரக்கட்டு முக்கியம். உள்நாட்டுப் பக்கம் போகப் போக, வயல் நிலத்தையும் குளத்து நிலத்தையும் ஒட்டிய இடங்களில் களிமண் குறுக்கிடும். அது மாரியில் உப்பிக் கோடையில் சுருங்கும், நீரையும் கீழே விடாது. அங்கே கற்படை தடிப்பாக இருப்பதோடு, துளைக்குழாய் புதைத்து நீரை வெளியே கொண்டுபோக வேண்டும். பாறையோ பழைய சீமெந்துத் தளமோ அடியில் இருந்தால் நீர் தேங்கும் பள்ளங்களை முதலில் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நீர் வடிவதற்கும் சக்கரம் சமநிலையில் போவதற்கும் இடையே உள்ள இழுபறியை எண்களால் காட்டலாம். மாரிகாலப் பெருமழைக்கு 100க்கு 1 என்ற சரிவாவது இருந்தால்தான் மேற்பரப்பு நீர் ஓடும். அணுகுவசதி நியமமோ குறுக்குச் சரிவு 48க்கு 1ஐத் தாண்டக்கூடாது என்கிறது. மூன்று மீற்றர் அகலமுள்ள பாதையில் முதலாவது 30 மில்லிமீற்றர் இறக்கம், இரண்டாவது ஏறக்குறைய 62 மில்லிமீற்றர் இறக்கம். அதாவது மேசன்மாருக்குக் கிடைக்கும் இடைவெளி ஒரு பெருவிரல் அகலத்துக்குச் சற்றுக் கூட. கண்ணால் பார்த்து 'நல்லா இறக்கிக் குடுத்திருக்கு' என்று சொல்லிவிடுகிற வேலை இதில் எடுபடாது. கயிறு கட்டி, நீர்மட்டக் குழாய் பிடித்து, அளவை எழுதிவைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. குறுக்குச் சரிவு கூடிப்போன பாதையில் நாற்காலி ஓயாமல் தாழ்ந்த பக்கத்துக்கே இறங்கப் பார்க்கும். இழைச் சாய்வும் அதே பக்கமாக அமைந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து இழுக்கும்.

விளிம்புக்கு வருவோம். வீதியிலிருந்து சீமெந்துப் பாதை, பாதையிலிருந்து புற்றரை என்று வரும் வழியில் எந்த ஓர் இடத்தில் மட்டம் தவறினாலும் மற்ற எல்லாச் செலவும் வீண். கல்லும் மண்ணும் நகராதிருக்க ஓரக்கல் கட்டுவது தேவைதான்; அதைப் புல்லுக்கு மேலே 50 மில்லிமீற்றர் தூக்கிக் கட்டுவது தேவையில்லாத வழக்கம். பூச்செடிப் பாத்திக்குக் கட்டிய கையால் இதையும் கட்டிவிடுகிறார்கள். பாதை சந்திக்கும் இடங்களில் ஓரக்கல்லின் தலை சீமெந்துப் பாதையோடு சமமாகவும், புல்லின் அடித்தளம் அதைவிட அடித்துணியின் தடிப்பும் மணல் ஏறிய இழையின் உயரமும் சேர்ந்த அளவு தாழ்ந்தும் இருந்தால், சக்கரம் மாற்றத்தை உணராமலே கடந்து போகும். இந்தத் தாழ்வை முன்கூட்டியே வரைபடத்தில் எழுதாவிட்டால், கல்லைச் சீமெந்து மட்டத்துக்கே இறுக்கிவிட்டுப் பின் அதன்மேல் புல்லை ஒட்டுவார்கள். 20 மில்லிமீற்றர் படி ஒன்று பிறந்துவிடும். வழியின் அகலமும் இத்தோடு சேர்ந்தது: நியமம் கேட்பது குறைந்தது 915 மில்லிமீற்றர், நாற்காலி முழுவதுமாகத் திரும்ப 1525 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டம். படலையைத் திறந்தவுடன் வாங்கு போட்டு அந்த வட்டத்தைத் தின்றுவிடும் முற்றங்கள் நிறைய உண்டு.

அளவுகளை அழகாக எழுதிய நியமம் திருகோணமலைக்கு மிக வேண்டிய ஒன்றைப் பற்றி வாய் திறக்கவில்லை: வெப்பம். அமெரிக்காவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 2002 ஆம் ஆண்டு செய்த அளவீட்டில், காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸாக இருந்த நாளில் செயற்கைக் கால்பந்துத் திடலின் மேற்பரப்பு 93 பாகையைத் தொட்டது. கச்சான் காலத்தில் 37 பாகை இங்கே புதினமானதன்று. அந்தத் திடல் கறுத்த இறப்பர் மணிகள் நிரப்பியது. மணல் நிரப்பிய, வெளிர் நிறமுள்ள குட்டைப் புல் அவ்வளவுக்குச் சூடேறாது. ஆனாலும் நண்பகலில் வெறுங்கால் வைக்க முடியாத சூடு எந்தச் செயற்கைப் புல்லிலும் ஏறும். தண்ணீர் தெளித்தால் போதும் என்பார்கள். அதே ஆய்வில் தண்ணீர் ஊற்றியதும் 79 பாகையிலிருந்து 29 பாகைக்கு இறங்கிய தரை, ஐந்து நிமிடத்தில் 49 பாகைக்கும் இருபது நிமிடத்தில் 73 பாகைக்கும் திரும்பிவிட்டது. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள மாதங்களில் இருபது நிமிடத்துக்கொருமுறை முற்றத்தை நனைப்பது நடக்கிற காரியமில்லை.

உணர்வுள்ள காலுடையவர் சுட்டதும் காலை எடுத்துவிடுவார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குக் காலில் சூடு தெரிவதில்லை. பாதத்தாங்கியிலிருந்து நழுவிய பாதம் தரையில் உரசிக்கொண்டிருந்தாலும், தரையில் இறக்கி உட்கார வைக்கப்பட்டாலும், தோல் வெந்தபின்புதான் மற்றவர் கண்ணில் படும். நீரிழிவால் பாதத்து உணர்வு மங்கியவர்களுக்கும் இதே நிலை. அவர்களின் தொகை நம் ஊரில் சிறிதன்று. மேலும், முள்ளந்தண்டு உயர்ந்த இடத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வியர்வை சுரந்து உடல் தணியும் ஏற்பாடே குன்றிப்போவதால், சுற்றிலும் வெப்பத்தை எழுப்பும் தரை அவர்களைத் தொடாமலேயே வாட்டும். ஆகையால் இங்கே நிழலும் அணுகுவசதியின் ஒரு பகுதியே. திரும்பும் வட்டத்துக்கும், தங்கி நிற்கும் இடத்துக்கும், நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கும் இடத்துக்கும் முதலில் நிழல் வேண்டும். மேற்கு வெயில் விழும் பக்கத்தை மறைக்காத கூரை பிற்பகலில் பயன்படாது. வேம்பு நல்ல நிழல். ஆனால் வேரை ஒட்டி அடித்தளம் போட்டால் சில ஆண்டுகளில் தரை எழும்பும், சருகும் பழமும் இழைக்குள் சிக்கும். தொலைவில் மரமும் கிட்ட நிழல்வலையும் என்பது என் தெரிவு.

விளையாட்டுத் தளத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. ஊஞ்சலுக்கும் சறுக்கிக்கும் கீழே தரை மெத்தென்று இருந்தால்தான் விழுகிற பிள்ளையின் தலை தப்பும். உறுதியாக இருந்தால்தான் சக்கரம் உருளும். இந்த முரணுக்கு அமெரிக்காவில் இரண்டு சோதனைகளைச் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஒன்று விழுகையின் அதிர்ச்சியை அளப்பது. மற்றது, ஒரு நாற்காலியை அந்தத் தரையில் நேராகவும் 90 பாகை திருப்பியும் செலுத்த ஆகும் உழைப்பை, 14க்கு 1 என்ற சரிவுள்ள வழுவழுப்பான கடினத் தளத்தில் ஆகும் உழைப்போடு ஒப்பிடுவது. தரையில் ஆகும் உழைப்பு அதைவிடக் குறைவாக இருந்தால் தேர்ச்சி. செயற்கைப் புல்லில் இரண்டையும் ஒருங்கே பெற, குட்டைப் புல்லுக்கு அடியில் அடர்த்தியான நுரை விரிப்பு ஒன்றை, விழக்கூடிய உயரத்துக்கு ஏற்ற தடிப்பில், இறுக்கிய கற்படையின்மேல் விரிக்கிறார்கள். நுரையைப் புல்லோடு சேர்த்துச் சோதித்த அறிக்கையையே கேட்க வேண்டும். தனித்தனியே சோதித்த இரண்டு தாள்களை ஒன்றாகக் குத்தித் தந்தால் அது விடையாகாது. மெத்தை போன்ற மலிவான நுரை கையில் சுகமாக இருக்கும், சக்கரத்தின் கீழ் குழியாகும்.

ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாவிட்டாலும், இடத்திலேயே செய்யக்கூடிய ஓர் எளிய ஒப்பீடு உண்டு. நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, சட்டத்தின் நடுவில் கயிறு கட்டி, மீன் கடைகளில் தொங்கும் விற்தராசு போன்ற ஒன்றை அதில் மாட்டி, மட்டமான சீமெந்துத் தரையில் மெதுவாக ஒரே வேகத்தில் இழுத்து முள் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு புற்றரையில் அதையே செய்ய வேண்டும். ஆளும் நாற்காலியுமாக 90 கிலோகிராம் என்றால், 14க்கு 1 சரிவு கூட்டும் இழுவை அதன் பதினான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 6.4 கிலோகிராம். புற்றரை அளவுக்கும் சீமெந்து அளவுக்கும் உள்ள வித்தியாசம் இதை நெருங்கினாலே தரை தோற்றுவிட்டது என்று கொள்ளலாம். நல்ல தரையில் வித்தியாசம் இதில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று நான் கேட்பேன், ஏனென்றால் நாள் முழுவதும் ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. மாதிரித் துண்டாக இரண்டு மீற்றர் சதுரம் விரிக்கச் செய்து, மொத்த வேலைக்கு முன்பே இதைப் பார்த்துவிட்டால் வழக்கு வாதம் குறையும். சக்கர நாற்காலியை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து உருளச் சொன்னால் தராசு சொல்லாததையும் அவர் சொல்வார்.

பார்வை குறைந்தவர்களை இந்தப் பேச்சில் மறந்துவிடுகிறார்கள். வெள்ளைக் கோல் பிடித்து நடப்பவர் தரையின் ஓசையையும் உரசலையும் கொண்டே வழியை அறிகிறார். செயற்கைப் புல் கோலின் ஓசையை விழுங்கிவிடும். பாதையும் முற்றமும் ஒரே புல்லாக இருந்தால் எது வழி என்பது தெரியாது. பாதையைச் சீமெந்துக் கல்லாகவும் இருபுறத்தையும் புல்லாகவும் அமைத்தால் கோலுக்கு இரண்டும் பிரிந்து தெரியும், மங்கலாகப் பார்வையுள்ளவருக்கு நிற வேறுபாடும் கிடைக்கும். வழி முழுவதற்கும் புல் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

பராமரிப்பில் இந்த ஊருக்கே உரிய ஒன்று மான்கள். கோட்டைப் பக்கத்திலும் நகர வீதிகளிலும் திரியும் புள்ளிமான்கள் நிழலுள்ள எந்த முற்றத்தையும் தங்கள் இடமாக்கிக்கொள்ளும். புழுக்கை இழைக்குள் உலர்ந்துவிட்டால் சக்கரத்தில் ஒட்டி, அதை உருட்டும் கைக்கு வரும். நீர்க்குழாய் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் வெட்டித் தள்ளிய புல் துண்டுகளை வேலியோரத்தில் விட்டுவைக்கவும் கூடாது. இந்த மான்கள் பொலித்தீன் தின்பது ஊரறிந்த சங்கதி. மற்றபடி, இழையை எதிர்ச்சாய்வில் வாரி நிமிர்த்துவது, நடமாட்டம் கூடிய இடங்களில் குறைந்துபோன மணலை நிரப்புவது, பொருத்துகளை மாரிக்கு முன்னும் பின்னும் பார்ப்பது என்பவை சாதாரணமாகச் செய்ய வேண்டியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆம் ஆண்டின் விதியொன்றால் இறப்பர் மணி நிரப்பலை 2031 ஒக்டோபருக்குப் பின் விற்பனையிலிருந்து நீக்க முடிவு செய்திருக்கிறது. மாரி வெள்ளத்தோடு எதுவும் கடலுக்கே போகும் ஓர் ஊரில், அங்கே கழிக்கப்பட்டதை இங்கே மலிவாக வாங்கி நிரப்ப வேண்டிய தேவை இல்லை.

இத்தனையும் விலைமனுவில் எழுத்தாக வந்தால்தான் பயன். இழை 13 மில்லிமீற்றருக்கு மேற்படாமை, கற்படையின் தடிப்பும் இறுக்கமும், விரிக்கும் முன் மட்டப்பலகைச் சோதனை, எல்லாச் சந்திப்புகளிலும் 6 மில்லிமீற்றருக்குள் மட்டம், நிழலின் இடம், நுரையும் புல்லும் சேர்த்துச் சோதித்த அறிக்கை என்பன தனித்தனி வரிகளாக, ஒவ்வொன்றுக்கும் விலையோடு நிற்க வேண்டும். விலை தனியாக நில்லாத வேலையை ஒப்பந்தகாரர் செய்யமாட்டார். அமெரிக்க அணுகுவசதிச் சபைக்காக இந்தியானா பல்கலைக்கழகத்தின் மையமொன்று விளையாட்டுத் தளத் தரைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தபோது, குறையே இல்லாத தரை எதுவும் அகப்படவில்லை. பல இடங்களில் போட்ட ஓராண்டுக்குள்ளேயே குறைகள் தென்பட்டன. ஆதலால் குறை வந்தால் திருத்துவிப்பதற்காக ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் தடுத்துவைக்கும் பணத்தை ஆறு மாதத்தில் விடுவிக்கும் வழமையான நிபந்தனை இந்த வேலைக்குப் போதாது. பெப்ரவரியில் முடித்த வேலைக்கு ஓகஸ்டில் பணத்தை விடுவித்தால் மாரி அதன்மேல் ஒரு துளிகூடப் பெய்து பார்த்திருக்காது. ஒரு கச்சானும் ஒரு மாரியும் முழுதாகக் கடந்து, அதன்பின் மட்டப்பலகையும் விற்தராசும் மறுபடி வைத்துப் பார்த்து, குறிப்பேட்டில் உள்ள முதல் அளவோடு ஒத்துவந்தால் மட்டுமே மிச்சப் பணம் என்று எழுத வேண்டும்.